பொலிகுதிரை ஊர் சுற்றிய காலம்: கேன்டர்பரி சமவெளியின் இழுவைக் குதிரைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்தின் தென்தீவில், கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்குத் தெற்கே, ராக்காயா ஆற்றுக்கும் ரங்கிடாடா ஆற்றுக்கும் நடுவே உள்ள கேன்டர்பரி சமவெளிப் பகுதிதான் ஆஷ்பர்ட்டன் மாவட்டம். பிரிட்டிஷ் குடியேறிகள் அங்கே கோதுமை போட்ட காலத்தில், சுமார் 1870 முதல் முதல் உலகப்போர் வரை, ஒவ்வொரு செப்டம்பரிலும் உள்ளூர்ப் பத்திரிகையின் பத்திகள் பொலிகுதிரை (பெட்டைக் குதிரைகளோடு இணைசேர்க்க வைத்திருக்கும் ஆண்குதிரை) விளம்பரங்களால் நிறைந்துவிடும். அந்த விளம்பரங்களைப் படிக்கிறவர்களுக்கு வரும் சந்தேகங்களே இங்கே கேள்விகளாக இருக்கின்றன. பந்தயக் குதிரைகளுக்கு இதில் இடமில்லை. ஏர் இழுத்த, வண்டி இழுத்த, கதிர் அறுத்த கனத்த குதிரைகளின் கதை இது.

உழவுக்கு மாடு போதாதா? ஏன் குதிரை?

மாடுதான் முதலில் வந்தது. கோரைப்புல் மண்டிய கன்னி நிலத்தை உடைக்கவும், சேற்றுப் பாதையில் மரம் இழுக்கவும் காளைகளையே பூட்டினார்கள். மாடு கிடைத்த புல்லைத் தின்னும், மெதுவாக ஆனால் விடாமல் இழுக்கும், வயதானால் கறிக்கு விற்கலாம். குதிரைக்கு ஓட்ஸ் வேண்டும், லாடம் வேண்டும், தனிக் கவனிப்பு வேண்டும்.

ஆனால் அங்கே நிலம் மலிவு, கூலியாள் கிடைப்பது அரிது. கணக்கைப் பாருங்கள். 9 அங்குல அகலத்தில் சால் போட்டால் ஒரு ஏக்கரை முடிக்க உழவர் 11 மைல் நடக்க வேண்டும். அந்த நடையின் வேகம்தான் பண்ணையின் வேகம். அதனால் நடை வேகமான விலங்கு வேண்டும், ஓராளே இரண்டு மூன்று சால் ஒன்றாகப் போடுகிற கலப்பை வேண்டும், அதை இழுக்க நான்கு முதல் ஆறு குதிரைகள் வரிசையாக நிற்க வேண்டும். டுனெடினின் ரீட் அண்ட் கிரே போன்ற உள்ளூர்ப் பட்டறைகள் அந்த மண்ணுக்கென்றே இரட்டைச் சால் கலப்பைகளைச் செய்து விற்றன.

அப்புறம் அறுவடை இயந்திரம். கதிரை அறுத்துக் கட்டாகக் கட்டிப் போடும் பைண்டருக்குத் தனி எஞ்சின் கிடையாது. தரையில் உருளும் பெரிய சக்கரத்திலிருந்துதான் கத்திக்கு விசை வருகிறது. விலங்கு மெதுவாக நடந்தால் கத்தி மெதுவாக ஓடும், கதிர் சிக்கிக்கொள்ளும். ஒரே சீரான, சுறுசுறுப்பான நடை இல்லாமல் அந்த இயந்திரம் வேலைக்கு ஆகாது. காளை தோற்றது முக்கியமாக இங்கேதான் என்பது என் எண்ணம்.

இந்த மாவட்டம் எப்படிக் கோதுமை நாடானது?

அந்த நிலம் நாய் டாஹு என்ற மாவோரி மக்களுடையது. 1848-இல் கெம்ப் ஒப்பந்தம் என்ற பெயரில் தென்தீவின் பெரும்பகுதியை அரசு 2,000 பவுண்டுக்கு வாங்கியது. கொடுப்பதாகச் சொன்ன ஒதுக்கு நிலங்களைச் சரியாகக் கொடுக்காத அந்தப் பேரம் பற்றிய வழக்கு 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நடந்தது. முதலில் அங்கே வந்தவை ஆட்டு மந்தைகள். 1874-இல் ரயில் ஆஷ்பர்ட்டனை எட்டிய பிறகுதான் தானியம் போடுவது லாபமானது. மெத்வெனுக்குக் கிளைப்பாதை 1880-இல் வந்தது.

கடலோரச் சதுப்பில் ஜான் கிரிக் என்பவர் 32,000 ஏக்கர் லாங்பீச் பண்ணையைப் பண்ணையிலேயே சுட்ட களிமண் குழாய்களைப் பதித்து வடித்து எடுத்தார். மேட்டுப் பக்கம் நேர்மாறு: சரளைக் கல் நிலம், தண்ணீர் கிடையாது. ஸ்பிரிங்ஃபீல்ட் பண்ணையின் டங்கன் கேமரன் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். சதுப்பானாலும் சரளையானாலும் வேலை செய்தது குதிரைதான்.

என்ன இனக் குதிரைகள்?

பெரும்பாலும் கிளைட்ஸ்டேல். ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உருவான இனம். தோள் உயரம் 16 முதல் 17 கை. ஒரு கை என்பது 4 அங்குலம், ஆக 16 கை என்றால் ஐந்தேகால் அடிக்கும் சற்று மேல். எடை 700 முதல் 900 கிலோ. பெரும்பாலும் பழுப்பு நிறம், முகத்தில் வெள்ளைப் பட்டை, நாலு காலிலும் வெள்ளை, முழங்காலுக்குக் கீழே பட்டுப்போல் தொங்கும் முடி.

கேன்டர்பரி ஆங்கிலத் திருச்சபைக்காரர்கள் 1850-இல் திட்டமிட்டு அமைத்த குடியேற்றம். இங்கிலாந்தின் ஷயர் குதிரை அல்லவா வென்றிருக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஷயரும் வந்தது. ஆனால் தெற்கே ஒட்டாகோ 1848-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் அமைத்த குடியேற்றம். 1861-இல் அங்கே தங்கம் கிடைத்ததும் பாரவண்டிக் குதிரைக்கு ஏகப்பட்ட கிராக்கி. டாஸ்மேனியாவிலிருந்தும் விக்டோரியாவிலிருந்தும் கிளைட்ஸ்டேல் ரத்தம் கலந்த குதிரைகள் வந்து இறங்கின. கேன்டர்பரியிலும் ஏர் பிடித்தவர்களிலும் பண்ணை மேலாளர்களிலும் ஸ்காட்லாந்துக்காரர் நிறைய. தனக்குத் தெரிந்த குதிரையைத்தானே உழவர் கேட்பார்?

இனத்திலும் காரணம் இருந்தது. ஷயர் கனம் அதிகம், நடை மந்தம், காலில் முடி இன்னும் அடர்த்தி. ஈர நிலத்தில் அந்த முடிக்குள் சேறு தங்கிக் குதிகாலில் சீழ்ப்புண் வரும். கிளைட்ஸ்டேல் எடை குறைவானாலும் எட்டிப்போட்டு நடக்கும். நாள் முழுக்க நீண்ட சால் ஓட்டுகிறவருக்கு அதுதானே வேண்டும்?

நல்ல பொலிகுதிரை எங்கிருந்து வந்தது? விலை என்ன?

மூன்று வழிகள். ஸ்காட்லாந்திலிருந்து நேரே இறக்குவது, ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஒட்டாகோவிலிருந்தோ வாங்குவது, அல்லது இறக்குமதிப் பெட்டைக்கு உள்ளூரில் பிறந்ததை வளர்ப்பது. முதல் வழிதான் பெருமை. அதிலேதான் கை சுடவும் செய்யும். பாய்மரக் கப்பலில் மூன்று மாதம் ஆகும். குதிரை படுக்க முடியாது. மேல்தளத்தில் மெத்தை தைத்த மரப்பெட்டிக்குள் நின்றபடியே வர வேண்டும். வழியில் புயலடித்தால் கால் போகும், வயிற்றுவலி வந்தால் உயிரே போகும். நீராவிக் கப்பல் வந்த பிறகு பயணம் பாதியானது.

ஸ்காட்லாந்தில் இந்த வியாபாரம் எவ்வளவு சூடாக இருந்தது என்பதற்கு ஒரு கதை போதும். பேரன் ஆஃப் புக்லைவி என்ற பொலிகுதிரையை இரண்டு பண்ணையாளர்கள் பாதிப் பாதிப் பங்கில் வைத்திருந்தார்கள். அது யாருக்குச் சொந்தம் என்று சண்டை வந்து, வழக்கு அன்றைய பிரிட்டனின் உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபைவரை போனது. கடைசியில் 1911 டிசம்பரில் எய்ர் நகரில் ஏலம் விட்டார்கள். 9,500 பவுண்டுக்குப் போனது. ஒரு கூலிக்காரர் நூறு வருடம் உழைத்தாலும் பார்க்க முடியாத தொகை. 1914-இல் ஒரு பெட்டை உதைத்துக் கால் உடைந்து அதைச் சுட்டுக் கொல்ல வேண்டியதாயிற்று. எலும்புக்கூடு இன்றும் கிளாஸ்கோவின் கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஆஷ்பர்ட்டனில் புரண்ட பணம் இதில் ஒரு துளிதான். ஆனாலும் நல்ல இறக்குமதிக் குதிரை சில நூறு பவுண்டு கேட்கும். அதனால் சில இடங்களில் விவசாயிகள் பங்கு போட்டுச் சேர்ந்து வாங்கினார்கள்.

குதிரை ஊர் ஊராகப் போனதா, பெட்டைகள் அதனிடம் வந்தனவா?

இரண்டும் உண்டு. விலை உயர்ந்த குதிரை வீட்டிலேயே நிற்கும். பெட்டைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகலாம், மேய்ச்சலுக்கு வாரக் கணக்கில் காசு. மற்றவை சுற்றுப் போகும்.

தென்கோளத்தில் வசந்தம் செப்டம்பரில் தொடங்குகிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் அல்லது ஜனவரிவரை பருவம். குதிரைக்காரர் ஒருவர், பெரும்பாலும் இளைஞர், குதிரையைக் கையில் பிடித்து நடந்தோ சிறிய வண்டியில் உட்கார்ந்து பக்கத்தில் நடத்தியோ போவார். உதாரணமாக இப்படி ஒரு சுற்றை எண்ணிக்கொள்ளுங்கள்: திங்களன்று டின்வால்டில் கிளம்பி இரவு ஹைண்ட்ஸ், மறுநாள் கடலோரப் பக்கம் லாங்பீச் சாலை, அடுத்து ஆற்றைக் கடந்து மேட்டுப் பக்கம், சந்தை நாளில் ஆஷ்பர்ட்டன் குதிரை லாயம், ஞாயிறு ஓய்வு. பிறகு மறுபடி அதே வழி, அதே கிழமை, அதே நேரம்.

இந்த ஒழுங்கு அச்சடித்த அட்டையில் இருக்கும். அது முக்கியம், ஏனென்றால் பெட்டைக்குப் பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும். மூன்று வாரம் கழித்து அதே கிழமையில் குதிரை அதே வாசலில் நின்றால்தான் சினை பிடித்ததா இல்லையா என்று பார்க்க முடியும். வழி தவறிய குதிரைக்காரரால் ஒரு பண்ணைக்கு ஒரு வருடமே வீணாகலாம்.

நம் ஊரில் பொலிகாளை வைத்திருப்பவர் வீட்டுக்குப் பசுவை ஓட்டிக்கொண்டு போவோமே, அதன் தலைகீழ் ஏற்பாடு இது. பெட்டைகள் உழவில் பூட்டப்பட்டிருக்கும் நேரத்தில் பத்து மைல் ஓட்டிப் போக யாருக்கு நேரம்?

கட்டணம் எவ்வளவு? எப்படி வசூலித்தார்கள்?

இதுதான் எல்லாவற்றிலும் சுவாரசியமான பகுதி. 1880-களிலும் 90-களிலும் பொதுவாக ஒரு பெட்டைக்கு 2 முதல் 5 பவுண்டு. பெயர்பெற்ற குதிரைக்கு இன்னும் மேலே. அதோடு குதிரைக்காரருக்கென்று 5 ஷில்லிங் (கால் பவுண்டு), முதல் தடவையே ரொக்கமாக. ஏர் ஓட்டும் ஆளுக்குச் சாப்பாடு, தங்குமிடம் போக வாரம் ஏறக்குறைய ஒரு பவுண்டு கூலி கிடைத்த காலம். நாலு பவுண்டு என்றால் அவருடைய ஒரு மாத உழைப்பு.

விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஐந்தாறு நிபந்தனைகள் இருக்கும். கட்டணம் ஜனவரி 1-ஆம் தேதி செலுத்த வேண்டும். இரண்டு மூன்று பெட்டை கொண்டுவந்தால் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். உத்தரவாதம் வேண்டுமானால் தனி விலை: கூடுதலாக ஒரு பவுண்டோ என்னவோ, ஆனால் சினை நின்றால்தான் பணம். உத்தரவாதத்தில் உள்ள பெட்டையை விற்றாலோ மாவட்டத்தை விட்டு வெளியே கொண்டுபோனாலோ அது சினையாக இருப்பதாகவே கொள்ளப்படும், பணம் கட்டியாக வேண்டும். மேய்ச்சலில் விடும் பெட்டைகளுக்கு எல்லாக் கவனமும் எடுக்கப்படும், ஆனால் பொறுப்பு ஏற்கப்படமாட்டாது.

ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு பழைய சண்டை இருந்திருக்க வேண்டும். சினையா இல்லையா என்று சொல்ல அந்தக் காலத்தில் சோதனை கிடையாது. மூன்று வாரத்தில் பெட்டை குதிரையை ஏற்க மறுத்தால் பிடித்துவிட்டது என்று ஊகம், அவ்வளவுதான். வயிறு தெரிய ஐந்தாறு மாதம். அதற்குள் பெட்டையை விற்றுவிட்டு "எனக்குத் தெரியாது" என்று கைவிரித்தால் குதிரைக்காரர் யாரிடம் போவார்? அதனால்தான் அந்த விற்பனை விதி. ஜனவரி 1 என்ற தேதியும் சும்மா வைத்ததல்ல. பருவம் அதற்குள் முடிந்துவிடும், அறுவடை தொடங்கும், அடுத்த சில வாரங்களில் விவசாயி கையில் காசு வரும்.

விற்கப்படுவதோ கண்ணுக்குத் தெரியாத பொருள். அது நல்லதா கெட்டதா என்று தெரிய நாலைந்து வருடம். அதுவரை நட்டம் யார் தலையில் என்பதைப் பிரித்து வைப்பதுதான் இந்த விதிகளின் வேலை. குதிரையின் அழகை வருணிக்கும் மேல்பாதியைவிட இந்தக் கீழ்ப்பாதியில்தான் மாவட்டத்தின் புத்தி தெரிகிறது. படிக்கும்போது அடியிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

பெட்டை தயாரா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

உறுதியான ஒரு மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் பெட்டை, அந்தப் பக்கம் குதிரை. பருவத்தில் இல்லாத பெட்டை காதை மடக்கிப் பலகை பிளக்க உதைக்கும். பருவத்தில் இருந்தால் அமைதியாக நிற்கும். சந்தேகமான பெட்டையின் பின்னங்கால்களுக்குக் கயிற்றுத் தளை போடுவார்கள். சில நூறு பவுண்டுக் குதிரையை ஒரு உதையில் இழக்க யாருக்கும் மனசு வராது. ஸ்காட்லாந்தில் என்ன நடந்தது என்று மேலே பார்த்தோமே.

குட்டி போட்ட பெட்டைக்கு ஒன்பதாம் நாள் வாக்கில் மறுபடி பருவம் வரும். அந்த நாளைக் குறித்து வைத்துக் காத்திருக்கும் பண்ணைகள் நிறைய.

ஒரு பருவத்தில் எத்தனை பெட்டைகள்?

நன்றாக ஓடும் சுற்றில் 60 முதல் 100 வரை. அதற்கு மேல் ஏற்றினால் பிடிப்பது குறையும். பத்தில் ஆறு குட்டியாகிவிட்டால் நல்ல பருவம். மூன்று வயது இளங்குதிரைக்குப் பெட்டைகள் குறைவாக விட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காசைக் கண்டதும் அதை மறந்தவர்களும் உண்டு.

விளம்பரத்தின் மேல்பாதியை எப்படி வாசிப்பது?

பெயர், நிறம், வயது, உயரம், பிறகு எலும்பின் பெருமை. "கனத்த தட்டையான எலும்பு", "சரியான வகை முடி", "குட்டைக் கால், அகன்ற நெஞ்சு", "சாந்த குணம்". இந்தச் சொற்கள் எல்லா விளம்பரத்திலும் வரும், அதனால் இவற்றை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

வம்சாவளி வேறு விஷயம். பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் சங்கப் பதிவேட்டு எண். சங்கம் 1877-இல் அமைந்தது, முதல் பதிவேடு 1878-இல் வந்தது. அதில் இரண்டு பெயர்களை எல்லோரும் தேடுவார்கள்: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 673, டார்ன்லி 222. முன்னது 1866-இல் பிறந்தது, பின்னது 1872-இல். ஒன்றின் மகள்களையும் மற்றதன் மகன்களையும் சேர்த்ததில்தான் இனத்தின் பிற்காலத் தோற்றமே அமைந்தது. கடல் கடந்த விளம்பரங்களிலும் இந்த இரண்டு ரத்தமும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.

பதிவேடு என்றதும் சுத்த ரத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் உரிமையாளரான, மெர்ரிட்டன் பண்ணையின் லாரன்ஸ் ட்ரூ, ஷயரும் கிளைட்ஸ்டேலும் ஒரே குதிரையின் இரண்டு கிளை என்று நம்பியவர். இங்கிலாந்திலிருந்து ஷயர் பெட்டைகளை வாங்கிவந்து தன் குதிரையோடு சேர்த்தார். சங்கத்தோடு அவருக்கு ஒத்தே போகவில்லை.

நியூசிலாந்தில் சொந்தப் பதிவேடு இல்லையா?

நாட்டளவிலான கிளைட்ஸ்டேல் சங்கம் 1911-இல்தான் அமைந்தது. அதற்கு முன் பெரும்பாலான பண்ணைகளில் இருந்தவை பெயரில்லாத உழவுப் பெட்டைகள். அவற்றை நல்ல பொலிகுதிரைகளோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து உயர்த்துவதுதான் வழி. கணக்கு எளிது: முதல் தலைமுறையில் பாதி, இரண்டாவதில் முக்கால், நான்காவதில் பதினாறில் பதினைந்து பங்கு. காகிதத்தில் அழகு. ஆனால் ஒரு குதிரைத் தலைமுறைக்கு நாலைந்து வருடம் ஆகும். நான்கு தலைமுறை என்பது ஒரு விவசாயியின் உழைக்கும் வாழ்நாளில் பாதி. அதன் நடுவே ஒருமுறை மலிவுக் குதிரைக்கு விட்டுவிட்டால் மறுபடி கீழே.

அப்படியென்றால் மலிவுக் குதிரைக்கு ஏன் விட்டார்கள்?

ஒரு பவுண்டுக்கும் ஐந்து பவுண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்று தெரியும், குட்டிக்கும் குட்டிக்கும் உள்ள வித்தியாசம் நாலு வருடம் கழித்துத்தான் தெரியும். அதுவும் 1880-களில் தானிய விலை விழுந்து பண்ணைகள் கடனில் மூழ்கின. வாடகை நிலத்தில் இருக்கும் சிறு விவசாயிக்கு நாலு வருடம் கழித்து அதே நிலத்தில் இருப்போமா என்பதே நிச்சயமில்லை. அவருக்கு "உழைக்கிற குதிரை ஒன்று பிறந்தால் போதும்". பெரிய பண்ணையாளர்கள் கண்காட்சி விருந்துகளில் இவர்களைக் கிண்டலடித்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குறையுள்ள குதிரையை எப்படித் தவிர்த்தார்கள்?

முதல் வழி பரேடு. வசந்தத் தொடக்கத்தில் ஆஷ்பர்ட்டனில் குதிரைப் பரேடு நடக்கும். சுற்றுக்குக் கிளம்பும் முன் எல்லாப் பொலிகுதிரைகளையும் வரிசையாக நடத்திக் காட்டுவார்கள், ஓட்டியும் காட்டுவார்கள். கூட்டம் வேலியில் சாய்ந்தபடி கால்களைப் பார்க்கும். "குளம்பில்லையேல் குதிரையில்லை" என்பது அவர்கள் பேச்சு.

எதைப் பார்ப்பார்கள்? குளம்புக்கு மேலே பக்கவாட்டில் இருக்கும் குருத்தெலும்பு கெட்டிப்பட்டு எலும்பாகிவிடும் குறை முதலாவது. கனத்த குதிரைகளுக்கு அதிகம் வருவது இதுதான், கெட்டித் தரையில் நடக்க நடக்க நொண்டும். கணுவைச் சுற்றி வளையம்போல் எலும்பு வளர்வது, பின்னங்கால் மூட்டு வீக்கம், ஓடும்போது தொண்டையில் கர்ரென்று இரைப்பது, கண்ணில் புரை. இவற்றில் பல வம்சத்தில் தொடரும் என்று நம்பினார்கள். சிலவற்றில் அது உண்மையும்கூட.

பரேடில் தெரியாததைப் பார்க்கக் கால்நடை மருத்துவர் வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1907 முதல் அரசு மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பொலிகுதிரைகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். இழுவைக் குதிரைகள் அதிகம் தோற்றது அந்தக் குருத்தெலும்புக் குறையில்தான். பிரிட்டனில் உரிமம் இல்லாத பொலிகுதிரையைச் சுற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று 1918-இல் சட்டமே வந்தது. விளம்பரச் சொற்களை நம்பாமல் ஊரே உருவாக்கிவைத்த நிபந்தனைகளின் அடுத்த படி இது: நட்டத்தைப் பிரிப்பதற்குப் பதில் முதலிலேயே தடுப்பது.

உழுகிற பெட்டை எப்படிக் குட்டி போடும்?

உழுதுகொண்டேதான். சினைக்காலம் சுமார் 11 மாதம். அக்டோபர், நவம்பரில் சேர்த்தால் அடுத்த செப்டம்பர், அக்டோபரில் குட்டி. கேன்டர்பரியில் கோதுமைக்கான உழவும் விதைப்பும் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்டுவரை, அதாவது குளிர்காலத்தில். பெட்டை வயிற்றில் கனத்துக்கொண்டே அந்த உழவை முடிக்கும். சீரான இழுவை கெடுதல் செய்யாது, திடீர் இழுப்பும் வண்டியைப் பின்னுக்குத் தள்ளச் செய்வதும்தான் ஆபத்து என்பது அனுபவக்காரர்களின் பாடம். குட்டி போட்டதும் சில வாரம் ஓய்வு. அப்போதுதான் ஓட்ஸும் டர்னிப்பும் விதைக்கும் நேரம், பொலிகுதிரையும் வாசலுக்கு வரும் நேரம். எல்லாம் ஒரே மாதத்தில் வந்து மோதும்.

குட்டிக்குத் தொப்புள் வழியாகக் கிருமி ஏறி மூட்டுகள் வீங்கிச் சாவது பெரிய இழப்பாக இருந்தது. அழுக்கு லாயத்தைவிடப் புல்வெளியில் குட்டி போட விடுவதே நல்லது என்று கண்டுகொண்டார்கள்.

குட்டி எப்போது காசாகும்?

ஐந்தாறு மாதத்தில் பால் மறக்கடிப்பார்கள். ஆணில் பெரும்பாலானவற்றை ஒரு வயது வாக்கில் காயடிப்பார்கள். இரண்டரை, மூன்று வயதில் பழைய குதிரைகளுக்கு நடுவே பூட்டிப் பழக்குவார்கள். நாலு வயதில் முழு வேலை, ஐந்து முதல் எட்டுவரை நல்ல விலை. நகரத்துப் பாரவண்டிக் கம்பெனிகள் கனத்ததைப் பொறுக்கி வாங்கும். பண்ணையில் மிஞ்சுவது இரண்டாம் தரம் என்ற புலம்பல் எப்போதும் இருந்தது. நல்ல பெட்டையை விற்காமல் வைத்துக்கொண்டவர்தான் கடைசியில் முன்னேறினார்.

பொலிகுதிரை வரும்போது பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே அனுப்பிவிடுவார்களாமே?

ஆமாம், அப்படி ஒரு வழக்கம் பல ஊர்களில் சொல்லப்படுகிறது. பத்திரிகையிலும் இணைசேர்ப்பு என்ற பேச்சே வெளிப்படையாக இருக்காது. ஆனால் பண்ணைப் பிள்ளைகளுக்குத் தெரியாததா!

இந்தியாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இழுவைப் பொலிகுதிரைகளோடு நேரடியாக இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலில் வந்த ராணுவக் குதிரைகள் வேறு ரகம், வேலர் என்று பெயர். நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். சென்னை ராணுவத்துக்கு ஓசூரில் குதிரைக் கிடங்கு இருந்தது. பீரங்கி இழுக்கும் குதிரைகளில் மட்டும் கனத்த இனத்தின் ரத்தம் கொஞ்சம் கலந்திருந்ததுண்டு.

இந்தத் தொழில் எப்போது முடிந்தது?

1911 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் 4 லட்சத்துக்கு மேல் குதிரைகள், மக்கள்தொகை பத்து லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தபோது. அதுதான் உச்சம். முதல் உலகப்போருக்காக 10,000-க்கு மேல் குதிரைகள் கப்பலேறின, திரும்பி வந்தவை நான்கே. நகரத்தில் லாரி வந்து பாரவண்டிச் சந்தையை முதலில் தின்றது. பண்ணையில் டிராக்டர் 1920-களில் மெதுவாக நுழைந்தது. ஓட்ஸ் சொந்த நிலத்தில் விளையும், பெட்ரோலுக்குக் காசு வேண்டும் என்பதால் 1930-களின் நெருக்கடியில் குதிரைக்குக் கொஞ்சம் ஆயுள் நீண்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சில வருடங்களிலேயே எல்லாம் முடிந்தது. பொலிகுதிரைத் தொழில் அதற்கு முன்பே செத்துவிட்டது: நாலு வருடம் கழித்து விற்க முடியாத குட்டிக்கு இன்று யார் கட்டணம் கொடுப்பார்?

இப்போது எங்கே பார்க்கலாம்?

கேன்டர்பரியின் விவசாயக் கண்காட்சிகளில் கிளைட்ஸ்டேல் வரிசை இன்னும் உண்டு. ரங்கிடாடா ஆற்றின் மேல்பகுதியில் எரிவான் என்ற ஆட்டுப் பண்ணை கிளைட்ஸ்டேல்களை வளர்த்து, அவற்றைக் கொண்டே வேலையும் செய்கிறது. பழைய விளம்பரங்களைப் படிக்க நினைத்தால் நியூசிலாந்து தேசிய நூலகத்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏதாவது ஒரு வருடத்தின் செப்டம்பர் கடைசி வாரத்தைத் திறந்தால் போதும். அதே குதிரையை மூன்று வருடம் தொடர்ந்து தேடிப் பாருங்கள், கட்டணம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று. குட்டிகள் எப்படி இருந்தன என்பது அதிலேயே தெரிந்துவிடும்.